இரண்டாம் வகுப்புப் பாப்பாவுக்கு டபுள் புரமோஷன் கேட்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. மகளுக்கு ஜூனில் 7 வயது முடிந்தது, நாமக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான்காம் வகுப்பு படிக்கும் அண்ணனின் கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தானே போட்டு முடித்துவிட்டாள், செய்தித்தாள் வாசிக்கிறாள், "தெரிஞ்சதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க" என்று காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது அழுகிறாள். பிரின்சிபாலிடம் டபுள் புரமோஷன் கேட்டதற்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். அப்பா, வேறு பள்ளியில் இரண்டு வகுப்பு தாண்டி அடுத்த ஜூனில் அண்ணனோடேயே ஐந்தாம் வகுப்பில் போட்டுவிடலாம் என்கிறார். ஹோம் ஸ்கூலிங், என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) என்றும் யோசிக்கிறார்கள், ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். எது சரி?

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பு தாண்ட உங்கள் மகள் தயாராக இருக்கலாம், அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டு வகுப்பு வேண்டாம். அண்ணன் உட்காரும் வகுப்பு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அப்புறம், காலையில் அழுகிற குழந்தைக்கு ஜூன் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் 29 வருடம் கணக்கு எடுத்தவள், கடைசியில் சில வருடம் தலைமையாசிரியை. வகுப்பு தாண்டி வந்த பிள்ளைகளை என் வகுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறேன், தாண்டக் கேட்டு வந்த பெற்றோருக்கு முடியாது என்று சொல்லியும் இருக்கிறேன், அதில் ஒரு முறை சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதலில் அந்த அழுகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டைம் டேபிளை எடுத்து ஒவ்வொரு பீரியடாகக் கேளுங்கள்: முதல் பீரியட் என்ன, அதில் நீ என்ன செய்வாய், அடுத்தது என்ன. "ஸ்கூல் பிடிக்கல" என்று மொத்தமாகச் சொல்கிற குழந்தை இப்படிக் கேட்டால் தெளிவாகச் சொல்லிவிடும். கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், தமிழில் எழுதி எழுதிக் கை வலிக்கிறது, மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று மூன்று வெவ்வேறு சங்கதி வெளியே வரும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றில்லை. கணக்கு பீரியடில் சும்மா இருப்பது பாடம் சம்பந்தப்பட்டது, அதைச் சரிசெய்யலாம். கை வலிப்பது விரல்களின் வலு சம்பந்தப்பட்டது, மேல் வகுப்புக்குப் போனால் அது கூடத்தான் செய்யும். தனியாகச் சாப்பிடுவது வகுப்பு மாறினால் தீரவும் செய்யலாம், தீராமலும் போகலாம். சில குழந்தைகள் விஷயத்தில் காலை அழுகைக்குக் காரணம் வேனில் பின் சீட்டில் இருந்து கிள்ளுகிற பையனாக இருக்கும், வீட்டில் எல்லோரும் அறிவு அதிகம், அதனால் சலிப்பு என்று வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வகுப்பாசிரியை. நீங்கள் நேரே பிரின்சிபாலிடம் போயிருக்கிறீர்கள். அங்கே போனால் அது விதி பற்றிய பேச்சாகிவிடும், விதி பற்றிப் பேசினால் யாரும் முடியாது என்றுதான் சொல்வார்கள். வகுப்பாசிரியையிடம் கேட்க வேண்டியது சின்ன விஷயம்: ஒவ்வொரு கணக்குப் பாடமும் தொடங்குவதற்கு முதல் நாள், அந்தப் பாடத்தின் பயிற்சியில் கடைசியில் இருக்கும் ஐந்து கணக்கை இவள் போட்டுக் காட்டட்டும், ஐந்தும் சரி என்றால் அந்தப் பாடம் நடக்கும் நாட்களில் தன் தனி நோட்டில் வேறு வேலை செய்யலாம், தப்பு வந்தால் எல்லோரோடும் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அந்த நோட்டை நிரப்புவது உங்கள் பொறுப்பு, திருத்துவதும் நீங்களே. 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்கிற ஆசிரியைக்கு இதனால் ஒரு வேலையும் கூடாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். நான் வகுப்பெடுத்த காலத்தில் இப்படிக் கேட்டு வந்த அம்மாவுக்கு நான் மறுத்ததில்லை, சக ஆசிரியைகளும் மறுத்து நான் பார்த்ததில்லை.

நோட்டில் என்ன போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். அண்ணனின் புத்தகத்தை, அதற்கடுத்த வருடப் புத்தகத்தை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால், இன்றைக்கு இரண்டாம் வகுப்பில் இருக்கும் சலிப்பை நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே தயார் செய்கிறீர்கள் என்று அர்த்தம். உயரமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை, அகலமாகவும் ஆழமாகவும் கொண்டுபோங்கள். உதாரணத்துக்கு வாசலில் போடும் ஊடுபுள்ளிக் கோலம். 3 புள்ளி 2 வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? 2, 3, 2, ஆக 7. 5 புள்ளி 3 வரை வைத்தால் 19. 7 புள்ளி 4 வரை வைத்தால் 37. இந்த மூன்றையும் அவளே புள்ளி வைத்து எண்ணட்டும், பிறகு 9 புள்ளி 5 வரை வைத்தால் எத்தனை வரும் என்று புள்ளி வைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். 7-லிருந்து 19-க்கு 12, 19-லிருந்து 37-க்கு 18, அப்படியானால் அடுத்தது 24 கூடி 61 என்று ஒரு குழந்தை தானாகக் கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏன் ஆறு ஆறாகக் கூடுகிறது என்று கேட்டால் இன்னும் ஒரு வாரம் ஓடும், கோலத்துக்கு ஆறு பக்கம் என்பதைக் கவனிக்கிற வரை. இதே போல 5 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் (ஏழு விதம்), 6-ஐ எத்தனை விதமாக எழுதலாம் (பதினொன்று) என்று போனால், அது கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தவர்களையும் மலைக்க வைத்த விஷயத்தின் வாசல். இதில் எதுவும் மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாது, ஆனால் மூளைக்கு வேலை முழுதாக இருக்கும்.

இரண்டு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். காலை அழுகை நின்றுவிட்டால் அவளுக்குத் தேவைப்பட்டது வகுப்பு மாற்றம் இல்லை, ஒரு பாடத்தில் வேலை மட்டும்தான். நிற்கவில்லை, எல்லாப் பாடத்திலும் இதே கதை என்றால் அப்போது டபுள் புரமோஷன் பற்றிப் பேசலாம்.

ஒரு பாடமா, எல்லாப் பாடமுமா என்ற இந்த வித்தியாசத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. சி.வி. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார், 1904-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ., 1907-ல் எம்.ஏ., அப்போது அவருக்கு 18 வயது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று எதைக் கொடுத்தாலும் முன்னால் நின்ற பிள்ளை, வீட்டில் அப்பாவே கல்லூரியில் பாடம் நடத்தியவர், கூடவே வயது வரம்பு என்று குறுக்கே எதுவும் இல்லாத காலம், அதனால் வேகமாகப் போனது அவருக்குப் பொருந்தியது. ராமானுஜன் ஒரு வருடம்தான் மூத்தவர். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணக்கைத் தவிர வேறு எதையும் தொடாததால் உதவித்தொகை போயிற்று, பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், அந்தக் காலத்தில் பி.ஏ.வுக்கு முந்தைய படியான எஃப்.ஏ. தேற முடியவில்லை. அவரை எல்லாப் பாடத்திலும் சேர்த்து மேலே தூக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் தோற்றிருப்பார். கணக்கில் மட்டும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ என்று விட்டு, மற்றதில் வயதுக்குத் தகுந்த இடத்தில் வைத்திருக்க அந்தக் காலக் கல்லூரிக்கு வழி தெரியவில்லை. உங்கள் மகள் இரண்டில் எந்த மாதிரி என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், எழுதியிருப்பதைப் பார்த்தால் கணக்கும் வாசிப்பும் இரண்டுமே முன்னால் இருக்கின்றன, எழுத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அதைச் சோதிக்க எளிய வழி மூன்றாம் வகுப்பின் போன வருட முழு ஆண்டுத் தேர்வுத் தாள். உங்கள் தெருவிலேயே யார் வீட்டிலாவது இருக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தாள், கடிகாரம் வைத்து, பக்கத்தில் நீங்கள் உட்காராமல் எழுத வையுங்கள். இரண்டாம் வகுப்புத் தாளில் 100 எடுப்பது எதையும் சொல்லாது, கூரை தாழ்வாக இருக்கிற அறையில் யாருடைய உயரமும் தெரியாது. 1971-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் தொடங்கிய ஆய்வுக்கும் இதுதான் அடிப்படை: 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேர 17 வயதுக்காரர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்தார், வகுப்பில் எல்லோரும் 100 என்று இருந்த கூட்டத்தில் யார் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் மகள் அந்த ஐந்து தாளிலும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, 80-க்கு மேல் எடுத்தால் மூன்றாம் வகுப்பில் அவளுக்குக் கற்க அதிகம் இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். கணக்கில் 95, தமிழில் 50, தாளைப் பாதியில் விட்டுவிட்டாள் என்றால் அவளுக்கு வேண்டியது வகுப்பு தாண்டல் இல்லை. மதிப்பெண்ணைவிட எழுதும் வேகத்தைக் கவனியுங்கள். நம் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்பில் மூளைக்கு வருகிற சுமையைவிடக் கைக்கு வருகிற சுமை பெரிது, கரும்பலகையில் இருப்பதை அழிப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும், கேள்வி பதில் முழுவதும் நோட்டில் ஏற வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளை மாதிரி யோசிக்கிற குழந்தையின் விரல் ஏழு வயது விரல்தான். எனக்குத் தெரிந்து வகுப்பு தாண்டிச் சிரமப்பட்ட பிள்ளைகள் பாடம் புரியாமல் சிரமப்படவில்லை, எழுதி முடிக்காமல் தினமும் இடைவேளையில் உள்ளே உட்கார வைக்கப்பட்டுச் சிரமப்பட்டார்கள். இதற்குப் பயிற்சி கொடுக்கலாம், ஆறு மாதத்தில் நன்றாகவே மாறும், ஆனால் தாண்டுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

ஐ.க்யூ. டெஸ்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளியோடு பேச ஒரு காகிதம் கையில் இருப்பது உதவும், வேறு பெரிய அவசியம் இல்லை. எடுப்பதானால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் எடுங்கள், எந்த டெஸ்ட் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்னமும் பினே-காமத் டெஸ்ட் நிறைய இடத்தில் நடக்கிறது, அது காமத் 1930-களில் இந்தியக் குழந்தைகளுக்காக மாற்றி அமைத்தது. தலைமுறைக்குத் தலைமுறை குழந்தைகளின் சராசரி மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருப்பதால், பழைய அளவுகோலை வைத்து இன்றைய குழந்தையை அளந்தால் எண் பெரிதாகத்தான் வரும். 150 என்று சொன்னார்கள் என்று உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள். இந்தியக் குழந்தைகளுக்கான அளவுகோலோடு வந்திருக்கும் விஸ்க் டெஸ்ட் இருந்தால் அதைக் கேளுங்கள், அதில் யோசனைத் திறன் தனியாகவும் எழுத்து வேலையின் வேகம் தனியாகவும் வரும், உங்களுக்கு வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான்.

சரி, வகுப்பு தாண்டினால் குழந்தை கெட்டுப் போகுமா? கெட்டுப் போகாது. இதில் நம் ஆசிரியர்களிடம் இருக்கிற பயம் அதிகப்படி, ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. ஸ்டான்லி தொடங்கிய ஆய்வு இப்போதும் நடக்கிறது, சுமார் 5,000 பேரை நடுவயது வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதே அளவு திறமை இருந்து தாண்டாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், தாண்டியவர்கள் மேல்படிப்பிலும் ஆராய்ச்சியிலும் முன்னால்தான் நின்றார்கள், மனநிலையிலும் நட்பிலும் பின்தங்கவில்லை. 2004-ல் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பெரிய அறிக்கையும் இதையேதான் சொன்னது: பள்ளிகள் தாண்ட விடத் தயங்குவதற்குச் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் இல்லை. அதே பல்கலைக்கழகக் குழு, எந்தக் குழந்தையை விடலாம் என்று பள்ளிகள் தீர்மானிக்க ஒரு மதிப்பீட்டுப் படிவம் உருவாக்கியிருக்கிறது, அதில் இருக்கும் சில நிபந்தனைகளில் ஒன்று வந்துவிட்டாலே வேண்டாம் என்கிறது. ஒன்று, குழந்தைக்கே விருப்பம் இல்லாதது. இன்னொன்று, போகப் போகிற வகுப்பில் உடன்பிறந்தவர் இருப்பது.

இதைத்தான் உங்கள் கணவரிடம் காட்ட வேண்டும். ஒன்பது வயதுப் பையன் தன் தங்கையோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, தினமும் டெஸ்ட் நோட்டை வாங்கும்போது எல்லோரும் இரண்டு பேர் மதிப்பெண்ணையும் ஒப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு பத்தாம் வகுப்பு வரை போக வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் நன்றாகவே படிக்கிறவனாக இருக்கலாம். ஒரு வருடத்தில் அது யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும், பாப்பா என்ன படிக்கிறாள் என்பது மட்டும்தான் வீட்டில் பேச்சாக இருக்கும்.

இரண்டு வகுப்பு வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது, அது நம் நாட்டு வயது விதிகள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்படியே போனால் அவள் 15 வயது 9 மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வும் 17 வயது 9 மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் எழுதுவாள். ஒரு வகுப்பு தாண்டினால் 14-9, 16-9. நீட் எழுத, கல்லூரியில் சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும், ஜூனில் பிறந்ததால் ஒரு வகுப்பு தாண்டினாலும் அந்த வருடமே அவளுக்கு 17 முடிந்துவிடும், சிக்கல் இல்லை. இரண்டு தாண்டினால் 15 வயது 9 மாதத்தில் பள்ளி முடிந்து, மருத்துவம் வேண்டுமென்றால் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும், அவசரப்பட்டு வாங்கிய வருடத்தை அங்கே திருப்பிக் கொடுக்கிற மாதிரி. பத்தாம் வகுப்புக்கும் 13 வயது 9 மாதத்தில் போய் நிற்பாள், அந்த வயதில் தேர்வு எழுத அனுமதி வாங்குவது தனி அலைச்சல். பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குக் குறைந்த வயது கிடையாது, ஆனால் ஏழு வயதுக் குழந்தை என்னவாகப் போகிறாள் என்று இப்போதே முடிவு செய்து ஒரு கதவை மூட வேண்டாம்.

என்.ஐ.ஓ.எஸ். வேகமான பாதை என்று பலர் நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு 14, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 என்று அங்கேயும் குறைந்த வயது இருக்கிறது, ஆக ஏழு வயதில் அங்கே போய் அவசரமாகச் செய்ய ஒன்றும் இல்லை. நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதவும் 12½ வயது முடிந்திருக்க வேண்டும். செஸ், இசை, விளையாட்டு என்று ஒரு பக்கம் நாளெல்லாம் உழைக்கிற பிள்ளைக்கு நேரம் கொடுக்கும் வழியாக என்.ஐ.ஓ.எஸ். மிக நல்லது. வயது வரம்பே இல்லாதது என்றால், பத்தாம் வகுப்புக்குச் சமமான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுகள், அதில் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக, தயாரான வயதில் எழுதலாம், கணக்கில் மட்டும் முன்னால் இருக்கிற பிள்ளைக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் கட்டணம் அதிகம், தேர்வு மையம் உங்கள் ஊர்ப் பக்கம் கிடைப்பது கஷ்டம், 11, 12 வயதில் யோசிக்க வேண்டியது.

இப்போது பள்ளி. "விதியில் இடமில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் வரும், வயதுக்கேற்ற வகுப்பு என்ற சொல். அது நான்காம் பிரிவில் வருகிறது, பள்ளியில் சேர்க்கப்படாமல் இருந்த, அல்லது பாதியில் நின்றுபோன பிள்ளையைச் சின்ன வகுப்பில் உட்கார வைத்து அவமானப்படுத்தாமல், வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. படிக்கிற பிள்ளையை மேலே அனுப்பக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனால் தயவுசெய்து சட்டப் பிரிவைக் காட்டிச் சண்டை போடப் போகாதீர்கள். தலைமையாசிரியரின் உண்மையான கவலை எமிஸ் பதிவும் (கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு) டி.சி.யும்தான்: பதிவில் வகுப்பு வரிசையில் ஒன்று விடுபட்டால் நாளை யார் பதில் சொல்வது, ஒரு பெற்றோருக்குக் கொடுத்தால் அடுத்த நாள் பத்துப் பேர் வந்து நிற்பார்களே என்று. அந்தக் கவலை நியாயமானது, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை அனுபவித்திருக்கிறேன். ஆகவே அவருக்கு உதவுகிற மாதிரி போங்கள். எழுத்தில் ஒரு விண்ணப்பம், அவள் எழுதிய ஐந்து தாள், தனி நோட்டு, வகுப்பாசிரியையின் குறிப்பு, இருந்தால் சைக்காலஜிஸ்ட் அறிக்கை. பள்ளியே வைத்துத் திருத்தும் ஒரு தேர்வை எழுதச் சம்மதம் என்றும், தேர்வில் வந்தபடி முடிவை ஏற்றுக்கொள்கிறோம் என்றும், இந்த ஏற்பாட்டால் பின்னால் வரும் வயது சம்பந்தமான பொறுப்பு எங்களுடையது என்றும் எழுதிக் கொடுங்கள். பதிவு விஷயத்தில் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் பள்ளி வழியாகவே தெளிவு கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் தனியாக அங்கே போய் மனு கொடுத்தால் பள்ளியோடு உறவு முறிந்துவிடும், அப்புறம் அனுமதி கிடைத்தும் பயனில்லை.

ஏனென்றால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது போகிற இடத்து ஆசிரியை. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு தாண்டி ஐந்துக்கு வந்தான், கெட்டிக்காரன், ஆனால் அவனை வாங்கிக்கொண்ட ஆசிரியைக்கு அதில் சம்மதம் இல்லை, மேலிடத்தில் சொல்லித் திணித்தது. அவன் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட்டால்கூட "டபுள் புரமோஷன்காரர்" என்று வகுப்பு முன்னால் கூப்பிடுவார். அந்தப் பையன் ஒரே பருவத்தில் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். வேறொரு பெண், அப்பா லாரி ஓட்டுகிறவர், அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த வகுப்பு ஆசிரியைதான், முதல் நாளே இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு இவளோடு சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார், எழுத்து வேலையில் முதல் மூன்று மாதம் பாதி போதும் என்றார். அந்தப் பெண் பிறகு திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு பேருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆகவே நான்காம் வகுப்பு ஆசிரியை யார் என்று தெரிந்துகொண்டு, முடிந்தால் இந்தக் கோடை விடுமுறைக்கு முன்னால் ஆறு வாரம் தினமும் ஒரு பீரியட் மட்டும் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார அனுமதி கேளுங்கள். பெரிய பிள்ளைகளோடு அவள் எப்படி இருக்கிறாள் என்று இரண்டு பக்கமும் தெரியும். ஒத்து வரவில்லை என்றால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடலாம், அவளுக்குத் தோற்ற மாதிரி இருக்காது.

அவளிடம் இதைச் சொல்லும்போதும் கவனம். "நீ ரொம்ப அறிவாளி, அதனால மேல போற" என்று சொல்ல வேண்டாம். எல்லாம் முதல் தடவையே வந்துவிடுகிற பிள்ளைகள், ஒரு நாள் ஒரு விஷயம் வராதபோது, நான் அறிவாளி இல்லை போலிருக்கிறது என்று இடிந்து போவதை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் பார்த்திருக்கிறேன், முதல் மதிப்பெண் வாங்கியே பழகிய பெண் பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. "இங்கே உனக்குப் புதுசா எதுவும் இல்லை, அங்கே கொஞ்சம் கஷ்டமா இருக்கும், தப்பு வரும், வரட்டும்" என்று சொல்லுங்கள்.

வேறு பள்ளிக்கு, சென்னைக்கு, கோவைக்கு மாற வேண்டுமா என்றால், இந்த வயதில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அறிவுத்திறன் மிகுந்த பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பள்ளி என்றால் புனேயில் ஞான பிரபோதினி மாதிரி ஒன்றிரண்டுதான் நாட்டிலேயே இருக்கின்றன. நவோதயா பள்ளிகள் நம் மாநிலத்தில் கிடையாது. இங்கே விளம்பரத்தில் "கிஃப்டட்" என்று போடும் இடங்களில் பல, ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. பயிற்சி என்று எட்டாம் வகுப்புப் பாடத்தை எல்லோருக்கும் சேர்த்து ஓட்டுகிறவை, அது உங்கள் மகளுக்கு வேண்டியது இல்லை. தன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அவளுக்கு ஒரு மணி நேரம் இடம் கொடுக்கிற ஆசிரியை இருக்கிற சாதாரணப் பள்ளி போதும்.

பள்ளிக்கு வெளியே இருப்பதைப் பயன்படுத்துங்கள். சென்னையில் 1965-லிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் என்.எம்.டி.சி. போட்டி ஐந்தாம், ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது, மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்விகள், பழைய தாள்களே ஒரு வருடத்துக்குத் தாங்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழை வரவழையுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் அவள் பெயரிலேயே ஒரு கார்டு எடுத்து வாரம் ஒரு முறை கூட்டிப் போங்கள், எந்தப் புத்தகம் என்று நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். கணித ஒலிம்பியாட் வழியில் முதல் படியான ஐ.ஓ.க்யூ.எம். எட்டாம் வகுப்பிலிருந்துதான், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் கணித மேதை டெரன்ஸ் தாவோவை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள், ஒன்பது வயதில் பல்கலைக்கழகம் போனாரே என்று. அவர் போனது கணக்குப் பாடத்துக்கு மட்டும். அதே காலத்தில் மற்றப் பாடங்களை வேறு வேறு வகுப்புகளில், ஒவ்வொன்றிலும் தன் நிலைக்குத் தகுந்த இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். முழுநேரமாகப் பட்டப்படிப்பில் சேர்ந்தது அதற்கும் சில வருடம் கழித்துத்தான். எட்டு வயதில் எஸ்.ஏ.டி. கணக்கில் 760 எடுத்த பையனையே அவருடைய பெற்றோர் அவசரப்படுத்தவில்லை.

கடைசியாக உங்கள் பையன். நீங்கள் எழுதியதில் அவனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அவனுடைய கணக்குப் புத்தகத்தைத் தங்கை போட்டு முடித்துவிட்டாள் என்பது. அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இன்றைக்கே அந்தப் புத்தகத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அவன் பையில் இருப்பதை இனி அவள் எடுக்கக் கூடாது என்று அவன் கேட்கும்படியாகவே அவளிடம் சொல்லுங்கள், அவளுக்குத் தனியாக ஒரு நீள நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் 3 புள்ளி 2 வரை வைத்துக் கொடுங்கள்.